ஷாகிரா எழுதிய குளம்

குழியின் கரையில் பச்சை நிறப் பலகை ஒன்றை நட்டிருந்தார்கள். ஒரு நெற்கதிர், ஒரு நீர்த்துளி, அவற்றின் கீழே ‘மண்ணைக் காப்போம், நீரைச் சேமிப்போம்’ என்று வெள்ளை எழுத்து. அதற்கும் கீழே ஷாகிரா வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர். பலகைக்கு நேர் கீழே, தண்ணீரில், யூரியாப் பைகள் வாயைப் பிளந்துகொண்டு மிதந்தன. உள்ளே கோழிக் குடலும் இறகும் கால்களும். எந்தக் கோழிக்கடைக்காரனின் திருவேலையோ தெரியாது. பள்ளம் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. அழுகியதையெல்லாம் கொண்டுவந்து கொட்டினால்தான் தூக்கம் வரும்.

ஷாகிரா ஷோலின் ஓரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். காறித் துப்பினாள். கோழிக் குடலுக்காக மட்டும் துப்பவில்லை. அந்தப் பலகையில் இருந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவளே அவள்தான். அந்தக் குழிக்குக் குளம் என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

ஓட்டமாவடியில் ஷாகிராவின் வீட்டில் அவளுக்கு அருவருப்புக்காரி என்று பெயர். சின்ன வயதிலிருந்தே அப்படி. மற்றவர் வாய் வைத்த கோப்பையில் தண்ணீர் குடிக்கமாட்டாள். கல்யாண வீட்டில் ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, ஒரே சோற்றில் ஆளுக்கொரு பக்கமாகக் கை வைத்துச் சாப்பிடும் நேரம் வந்தால், வயிறு சரியில்லை என்று சொல்லி நழுவிவிடுவாள். ஆனால் அதே ஷாகிரா, காய்ந்த மாட்டுச் சாணியைக் கையால் உடைத்து, அடியில் நெளியும் புழுவை விரலில் தூக்கி, “இவர்தான் ஒங்கட வயலில சம்பளம் கேக்காம வேல செய்யிற ஆள்” என்று விவசாயிகளுக்குக் காட்டுவாள். அவள் கணவன் றிஸ்லானுக்கு இது தீராத வேடிக்கை. அவன் ஏறாவூர்க்காரன். இந்தப் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குக் குடிவந்தவன், ஓட்டோ ஓட்டுகிறான். “சாணியத் தொடுவா, சஹனைத் தொடமாட்டா. இவவ நான் எந்தக் கணக்கில சேக்கிற?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. அழுகுவது அவளுக்கு அருவருப்பில்லை. அழுகியதன் மேல் துணியைப் போர்த்தி, பக்கத்தில் நின்றுகொண்டு மணக்கிறது மணக்கிறது என்று சொல்கிறார்களே, அவர்களைக் கண்டால்தான் அவளுக்குக் குமட்டும்.

விவசாய டிப்ளோமா முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தவள். நிறுவனத்தின் கந்தோர் கல்லடியில், கடற்கரைக்குப் போகும் வீதியில், ஒரு வாடகை வீட்டில் இருக்கிறது. அங்கே அவள் உட்கார்ந்திருந்த நாள்கள் குறைவு. ஸ்கூட்டியில் ஏறி, கடலோடு சேரும் உப்பு வாவியை ஒட்டிக் கிடக்கும் வட்டை வட்டையாகப் போவாள். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்த பரப்பு. அங்கே மர நிழலில் விவசாயிகளை உட்கார வைத்து, சாம்பலாலும் செங்கல் தூளாலும் தரையில் அவர்களுடைய வட்டையையே கீறச் சொல்வாள். மேடு எது, பள்ளம் எது, வாவியின் உப்பு எந்த வழியால் ஏறுகிறது, மழைத் தண்ணீர் எந்த வழியால் ஓடி வீணாகிறது எல்லாம் அவர்கள் வாயாலேயே வரும். வைக்கோலைக் கொளுத்தாதீர்கள், சேற்றில் மிதித்து விடுங்கள் என்பாள். வரம்பில் புல் நிற்கட்டும் என்பாள். அறுவடை முடிந்ததும் மாட்டுப் பட்டியை வயலில் அடைக்கச் சொல்லுங்கள் என்பாள். கேட்டவர்களும் உண்டு. இரண்டு வட்டைகளில் வைக்கோல் கொளுத்துவது அடியோடு நின்றுபோனது. அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கவென்றே வாய்த்தது வெள்ளைமருதடி வட்டை.

வெள்ளைமருதடி ஏறாவூர்ப் பக்கம், வாவியின் ஓரத்தில் கிடக்கிறது. மேல் பக்கத்துக் காணிகள் விவசாய அமைப்பின் தலைவர் நளீருக்கு. கீழ்ப் பக்கத்தில் வாவியைப் பார்த்தபடி சின்னக் காணிகள். அவற்றில் ஒன்று ஸைனம்பு மாமியினுடையது. கணவன் இல்லாத மனுஷி. ஓர் ஏக்கர் வயலும், அதை ஒட்டி ஒரு துண்டு மேடும், மேட்டில் ஒரு கிணறும். வாவி கூப்பிடு தூரத்தில் உப்பாகக் கிடக்க, அந்தக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் இளநீர்தான். வயலுக்கு வருகிறவர்களெல்லாம் போத்தலை அங்கேதான் நிரப்புவார்கள். மாமி அந்தக் கிணற்றை நம்பிக் கத்தரியும் மிளகாயும் வைத்து, ஏறாவூர்ச் சந்தைக்கு அனுப்பி, தன் சோற்றைத் தானே உழைத்துத் தின்றாள். அவளுக்கு அடுத்த காணி அஹமட்டினுடையது. அவன்தான் வட்டை விதானை. வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று பார்க்கிறவன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே திட்டக் கூட்டம் நடந்தது. அமைப்பின் கட்டடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். நளீர் தலைவர் பகல் சாப்பாட்டைத் தன் பொறுப்பில் எடுத்திருந்தார். பின்பக்கத்தில் மாட்டிறைச்சிக் கறி கொதித்து மணந்துகொண்டிருந்தது. தரையில் கீறிய படத்தைப் பார்த்துக் கதைத்து, மழைத் தண்ணீரைத் தேக்க வட்டையின் நடுவில் ஒரு சிறு குளம் வேண்டும் என்று முடிவானது. ஷாகிரா சொன்னதுதான் அது. நல்ல யோசனைதான். நளீர் உடனே எழும்பி, “என்ட காணியிலயே வெட்டுவம். ஊருக்கு நல்லதெண்டா எனக்கென்ன?” என்றார். எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். பள்ளிவாசல் லெப்பை நபியின் பேரில் ஸலவாத்துச் சொன்னார். மற்றவர்கள் சேர்ந்து சொல்லிக் கையால் முகத்தைத் தடவிக்கொண்டு எழும்பினார்கள்.

இந்த வட்டைகளில் ஒரு விஷயத்துக்கு ஸலவாத்துச் சொல்லியாயிற்று என்றால் அது முடிந்தது. அதற்குப் பிறகு அதைக் கிளறுகிறவன் மரியாதை தெரியாதவன். குளம் எத்தனை அடி ஆழம் என்று யாரும் இன்னும் பேசவில்லை என்பது ஷாகிராவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தாள். வெட்கமாக இருந்தது. ஆட்கள் கை கழுவப் போய்க்கொண்டிருந்தார்கள். மெதுவாக நளீரின் பக்கத்தில் போனாள்.

“தலைவர், ஆழம் எவ்வளவெண்டு முடிவெடுக்கல்லையே.”

“ஸலவாத்தும் சொல்லியாச்சே மிஸ். இனி என்ன ஆழம் நீளம்? தேவைக்கேற்ப எண்டு போடுங்க. மண்ணைப் பாத்துத்தானே வெட்டுற.”

திட்ட அறிக்கையில் தேவைக்கேற்ப என்று போட்டாள். அந்த இடத்தில் களிமண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். முந்தின மாதம் அவளே கம்பி இறக்கிப் பார்த்திருந்தாள். ஒரு முழத்துக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஆற்றுமண். வீடு கட்டுகிறவன் கண்டால் முத்தமிடுவான். தெரிந்தும் எழுதினாள். ஸலவாத்துச் சொன்ன பிறகு பேசுவது சரியில்லை என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு, போய்ச் சாப்பிடாமல் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றாள்.

பிறகு மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. அதன் பின்னால் டிப்பர்கள் வந்தன. முதல் கிழமை அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கிழமை போனபோது பெக்கோ குழிக்குள் இறங்கி நின்றது. மேலிருந்து பார்த்தால் ஓட்டுகிறவனின் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. வெட்டிய மேல்மண்ணைப் பக்கத்தில் கண்டபடி தள்ளிவிட்டிருந்தார்கள். பரம்பரை பரம்பரையாகச் சாணியும் வைக்கோலும் தின்று கறுத்த மண் அது. அதன் மேல் டிப்பர் ஏறி இறங்கிக் கல்லாக இறுகிப்போயிருந்தது. கீழே கிடந்த வெள்ளை மண் லோட் லோட்டாகப் போய்க்கொண்டிருந்தது. மண் ஏற்றுகிற அனுமதிக்கு அவர்கள் காட்டியது அவளுடைய திட்டத்தைத்தான். குளம் வெட்டும்போது வருகிற மண்ணை அப்புறப்படுத்தத்தானே வேண்டும்?

“தலைவர், இது குளமில்ல. இது மண் தோண்டுற கிடங்கு.”

நளீர் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். “ஆழமெண்டா தண்ணி கூட நிக்கும்தானே மிஸ்? நீங்கதானே சொன்னீங்க, ஒரு சொட்டும் வீணாகப்படாதெண்டு” என்று சிரித்தார். அவருக்கு நல்ல பல். சிரித்தால் யாரும் நம்பிவிடுவார்கள்.

ஷாகிரா கல்லடிக்குப் போய்த் தன் மேலாளர் பஸ்தியாம்பிள்ளையின் முன்னால் நின்றாள். அவர் வாசித்துக்கொண்டிருந்ததை மூடிவைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கேட்டு முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பிள்ள, நாங்க ஆலோசனை சொல்லுற ஆக்கள். பொலிசுக்காரர் இல்ல.”

“சேர், திட்டத்தில எங்கட பேர் இருக்கு.”

“அதாலதான் சொல்லுறன். இப்ப நாங்களே போய்க் குளம் பிழையெண்டு சொன்னா ஆர்ர பேர் கெடும்? மாரி வரட்டும். தண்ணி நிரம்பினா எல்லாம் வடிவா வந்திடும்.”

வடிவாக வந்துவிடுமாம். அன்றைக்குப் பகல் கந்தோரில் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அவர் கெட்டவரில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், ஒருவருக்கும் அநியாயம் நினைக்காதவர். தனக்கு எதிரே நடக்கிற அநியாயத்தையும் அவர் நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கிழமை முடிவில், பின்னேரம், ஷாகிரா வீட்டுக்கு வந்து இறங்கினால் வாசலில் மண் குவிந்து கிடந்தது. வெள்ளை மண். றிஸ்லான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

“நளீர் காக்கா அனுப்பியிரிக்கார். பின்னால அறை கட்டப் போறம் எண்டு நான் எப்பவோ சொன்னனாம். மனுஷன் மறக்கல்ல பாத்தியா?”

“திருப்பி அனுப்புங்க.”

“எப்பிடி அனுப்புற? டிப்பர் பறிச்சிட்டுப் போயிட்டு. சவளால அள்ளி ஓட்டோவில கொண்டு போகவா?”

அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். டிப்பர்க்காரன், பறித்துக் கொட்டிய மண்ணை மறுபடி ஏற்றுவது தன் வேலையில்லை என்றான். நளீர் எடுக்கவேயில்லை. அதைத் தொடக்கூடாது என்று றிஸ்லானிடம் சத்தியம் வாங்கினாள். அவனும் தொடவில்லை. ஆனால் வாசலில் ஆளில்லாமல் கிடக்கிற மண்ணுக்கு ஓட்டமாவடியில் எத்தனை சொந்தக்காரர்! பக்கத்து வீட்டுக்காரி கோழிக் கூட்டுக்கு ஒரு வாளி எடுத்தாள். எதிர்வீட்டுக்காரர் மதில் பூச நாலு சாக்கு எடுத்தார். கேட்டு எடுத்தவர்களும் உண்டு. கேளாமல் எடுத்தவர்கள் அதிகம். மாரி தொடங்கும் முன்னே வாசல் வெறுந்தரையாகிவிட்டது. ஷாகிராவின் வீட்டுச் சுவரில் ஒரு பிடி மண்கூட ஏறவில்லை. ஆனால் நளீர் அனுப்பிய மண்ணை அவள் எடுத்துக்கொண்டாள் என்றே வெள்ளைமருதடியில் எல்லாரும் பேசினார்கள். அவர்களுக்கு மறுப்புச் சொல்ல அவளிடம் மண்ணும் இல்லை.

மாரியில் குழி நிரம்பியது. பஸ்தியாம்பிள்ளை சொன்னபடியே வடிவாகத்தான் இருந்தது. கொக்குகூட வந்து நின்றது. திறப்பு விழா வைத்தார்கள். கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள், ரிபன் வெட்டினார்கள், பச்சைப் பலகையின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். பெக்கோவைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தறப்பாளால் மூடிவைத்திருந்தார்கள். நளீர் ஒலிபெருக்கியில் பேசினார்.

“மண் எங்களைப் பெத்த உம்மா மாதிரி. உம்மாவ ஆரும் விப்பானா?”

எல்லாரும் கைதட்டினார்கள். விருந்தாளி அம்மா ஒருவருக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஷாகிராவுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. தாயை விற்ற பணத்தில் தாய்க்கு விழா எடுக்கிறான், அதற்கு நான் வரிசையில் நின்று பன்னீர் தெளிக்கிறேன் என்று நினைத்தாள். ஆனாலும் படத்தில் அவளும் நின்றாள். முகத்தைச் சுளித்தபடி நின்றாள்; வெயிலுக்குச் சுளித்ததாகத்தான் படத்தில் தெரிகிறது.

மாரி போய்க் கோடை வந்தது. மழைத் தண்ணீர் இறங்க இறங்க, குழியின் அடியிலிருந்து வேறு தண்ணீர் ஏறியது. குழியின் அடி வாவியின் மட்டத்துக்கும் கீழே போயிருந்தது. வெள்ளை மணலுக்கு வாவி என்றும் வயல் என்றும் பேதம் தெரியாது. உப்பை அது பாட்டுக்கு உள்ளே விட்டது. முதலில் அதைச் சொன்னவன் அஹமட்தான். வாய்க்கால் கரையில் அவளைத் தனியே கூப்பிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“மிஸ், கிடங்குக்குள்ள உப்பு வந்திட்டு. ஸைனம்பு மாமிர கிணத்தையும் ஒருக்காப் போய்ப் பாருங்க. நான் சொன்னனெண்டு சொல்லாதீங்க.”

மாமியின் கத்தரி இலைகள் ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தன. மாமி வாளியைப் போட்டுத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள். ஷாகிரா கருவியை வைத்துப் பார்க்கும் முன்பே ஒரு வாய் குடித்தாள். குடித்தது தொண்டையில் இறங்கவில்லை. உப்பு மட்டுமில்லை, அடியில் ஏதோ அழுகிய வாடையும் சேர்ந்திருந்தது. குழியில் மிதந்த கோழிக் குடல் நினைவு வர, வரம்போரம் ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். மாமி முதுகைத் தடவிவிட்டாள்.

“சவுக்காரமும் நுரைக்குதில்ல மகள். குடிக்கிறதுக்கு மகன்ட பொடியன் போத்தல்ல கொண்டாந்து தாறான். பயிருக்கு ஆர் கொண்டாந்து தாற?”

அந்த நேரத்தில்தான் நளீர் அடுத்த கட்டத்தைத் தொடங்கினார். குளத்தைப் பெருப்பிக்க வேண்டுமாம். மாமியின் எல்லை வரைக்கும் வெட்ட வேண்டுமாம். அதுவரை வெட்டினால் மாமியின் கிணறு மட்டுமில்லை, ஒரு ஏக்கர் வயலும் சேர்ந்து போய்விடும். மேடு இடிந்து குழிக்குள் விழும். அதற்குக் கூட்டம் வைத்தார்கள். ஷாகிரா இந்த முறை ஆயத்தமாகப் போனாள். கறி கொதிக்கும் முன்னே பேச வேண்டும் என்று முதல் ஆளாக எழும்பினாள்.

“அந்தக் கிடங்க மூடோணும். உப்பு ஏறுது. ஸைனம்பு மாமிர கிணத்துத் தண்ணிய ஒரு ஆள் குடிச்சிக் காட்டுங்க, நான் வாயை மூடிக்கிறன். இந்த வட்டையில எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அந்தக் கிணத்தில தண்ணி குடிச்ச ஆக்கள்தானே? ஒருத்தருக்கும் கதைக்க வாயில்லையா?”

ஒருவரும் மூச்சு விடவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்கள்? அஹமட்டைப் பார்த்தாள். அவன் தரையில் ஏதோ தொலைத்தவன் மாதிரிக் குனிந்துகொண்டான். ஸைனம்பு மாமி பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தாள், அவளும் பேசவில்லை. நளீர் மட்டும் சிரித்தார்.

“குளம் நானா எழுதின? மிஸ்தானே எழுதின. மிஸ்ஸுக்கு இப்ப என்ன கோபமெண்டு எனக்குத் தெரியும். போன வருஷம் ஒங்கட வாசல்ல பறிச்ச மண் போதாட்டி சொல்லுங்க, இன்னொரு லோட் அனுப்புறன்.”

சிரிப்பு எழுந்தது. பெரிய சிரிப்பில்லை, மூக்கால் சிரிக்கிற சிரிப்பு. ஷாகிராவின் காது இரண்டும் கொதித்தன. மண் வாங்கித் தின்றவர்கள், அந்த மண்ணில் பங்கு கிடைக்கும் என்று வாயூறுகிறவர்கள், இவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நளீர் லெப்பைக்குக் கண் காட்டினார். லெப்பை அவசரமாக ஸலவாத்துச் சொன்னார். எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

ஷாகிரா உட்காரவில்லை. ஸலவாத்துக்குப் பிறகு பேசினாள். அப்படி யாரும் அந்தக் கட்டடத்தில் பேசியதில்லை.

“ஸலவாத்துச் சொல்லுறது நல்ல காரியத்துக்கு. களவுக்கு மூடி போடுறத்துக்கில்ல. போன முறை நான் மரியாதைக்கு வாய மூடினன். அதுதான் நான் செஞ்ச பெரிய பிழை. இந்த முறை மூடமாட்டன். நான் மேலிடத்தில போய்ச் சொல்லத்தான் போறன்.”

ஒரு கிழவர் அஸ்தஃபிருல்லாஹ் என்றார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கு அவளுக்கு நன்றாகப் பசித்தது; வீட்டுக்குப் போய் றிஸ்லான் பிசைந்து வைத்திருந்த சோற்றிலிருந்தே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். றிஸ்லான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ்தியாம்பிள்ளையிடம் கேட்காமலே அவள் மண் ஏற்ற அனுமதி கொடுக்கும் அரசாங்கக் கந்தோருக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். குழியின் படத்தைப் பார்த்தார், உப்பின் அளவைப் பார்த்தார். திட்டத்தை எழுதியவளே வந்து திட்டம் பிழை என்று சொன்னால் அதை வைத்து எதையும் நிறுத்த முடியாது என்றார். பாதிக்கப்பட்ட காணிக்காரர் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கிணற்றுக்குச் சொந்தக்காரி வந்து, என் கிணறு உப்பாகிவிட்டது, என் எல்லையில் வெட்ட வேண்டாம் என்று சொன்னால், மறுநாளே பெக்கோவை நிறுத்தலாம் என்றார்.

ஷாகிராவுக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரேயொரு மனுஷி. ஒரேயொரு வார்த்தை. அதுவும் யார்? முதுகைத் தடவிவிட்ட மாமி.

மறுநாள் காலை வெள்ளைமருதடிக்குப் போனாள். மாமி கருகிய கத்தரிச் செடிகளைப் பிடுங்கி ஒரு பக்கமாகக் குவித்துக்கொண்டிருந்தாள். ஷாகிரா எல்லாவற்றையும் சொன்னாள். ஓட்டோ கொண்டுவருவதாகவும், தானே கூட்டிக்கொண்டு போவதாகவும், மாமி பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள்.

“பயமா? எனக்கென்ன பயம்” என்றாள் மாமி. “நான் வாறன் மகள். நீ ஆம்புளயளுக்கு நடுவில எழும்பி நிண்டு கதைச்சாய். எனக்காகத்தான் கதைச்சாய். வராம இருப்பனா? ஆனா அதுக்கு முந்தி எனக்கொரு வேல செஞ்சி தா. இஞ்சால வா.”

பாத்திகளுக்கு நடுவால் நடந்து, காணியின் கீழ் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நாலு மூலைக்கும் நாலு கிளிசரியாத் தடி நட்டு, சாரத் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தாள்.

“இதென்ன மாமி?”

“குளம்.”

ஷாகிராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமி விளங்கப்படுத்தினாள். சந்தை விலை சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

“உப்புப் புடிச்ச காணிய வெச்சி நான் என்ன செய்ய? மேல ஒண்டும் முளைக்காது. கீழ நல்ல மண் கிடக்கு, நளீர் வெட்டின மாதிரியே மண். அத வித்தாலாவது மகனுக்கு ஒரு வழி பொறக்கும். நீ எனக்கும் ஒரு குளம் எழுதித் தா. பேந்து நான் ஒன்னோட வந்து, அவர் வெட்டப்படாதெண்டு சொல்லுறன். அவர நிப்பாட்டினாத்தானே என்ட மண்ணுக்கு ஆள் வரும்.”

“மாமி, இது குளமில்ல.”

“தெரியும். அவருக்கு எழுதக்குள்ள ஒனக்குத் தெரியாதா?”

நளீரிடம் பேச அவளுக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. அந்தச் சிரிப்பை, அந்தப் பல்லை, தாய் என்று ஒலிபெருக்கியில் கூவிய வாயை அவளால் மனதாரச் சபிக்க முடிந்தது. இந்த மனுஷியைச் சபிக்க முடியவில்லை. அதனால் அருவருப்பு போய்விடவில்லை. திரும்பி வந்து அவளுடைய மேலேயே அப்பிக்கொண்டது. தடிகளைப் பார்த்தாள். கடைசித் தடிக்கு அந்தப் பக்கம், நாலு எட்டில், அஹமட்டின் கிணறு.

“மாமி, இந்த இடத்தில வெட்டினா அஹமட்ட கிணறும் உப்பாப் போகுமே.”

“போகும்.”

“அவன் சின்னப் பிள்ளயள வெச்சிருக்கான்.”

“என்ட கிணறு கெடக்குள்ள அவன் வாயத் துறந்தானா?” என்றாள் மாமி. குரல் உயரவில்லை. “நீ கேட்டாய், அவன் நிலத்தப் பாத்துக்கிட்டு இருந்தான். நானும் அவனையே பாத்துக்கிட்டு இருந்தன்.”

“நான் எழுதமாட்டன் மாமி.”

“எழுதாட்டி நானும் வரமாட்டன். நளீர்ட்டச் சொன்னா அவர் என்ட காணியையும் தன்ட குளத்தோட சேத்துக்கிருவார். அவர் அப்பவே கேட்டவர். நீ எங்களுக்காகக் கஷ்டப்படுறாய் எண்டுதான் மொதல்ல ஒன்னட்டக் கேட்டன்.”

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பால் வந்த அஹமட், இவர்களைக் கண்டதும் கையை உயர்த்தி ஸலாம் சொன்னான். ஸைனம்பு மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வாய் நிறையப் பதில் ஸலாம் சொன்னாள்.